சீட்டு ஒட்டாத குப்பி

அந்த வண்டியின் பிரேக் சரியில்லை என்பது எனக்கு முன்கூட்டியே தெரியுமா? விசாரணை அதிகாரி என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். இதற்குத் தெரியும் என்றோ தெரியாது என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை வரிசையாகச் சொல்லும்படி அதிகாரி கூறியதால் சொல்கிறேன்.

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை இந்தப் படிவத்தின் தலைப்பில் நிரப்பப்பட்டுள்ளன, அவை சரியே. வயது நாற்பத்தெட்டு. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். இருபத்து நான்கு ஆண்டுகளாக ஓர் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இப்போது ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். லாரி, ஜெனரேட்டர், படகு ஆகியவற்றின் எஞ்சினில் ஓடிப் பழசான எண்ணெயைச் சிறு குப்பிகளில் எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் எவ்வளவு இரும்பு, செம்பு, ஈயம் கலந்திருக்கிறது என்று அளந்து, எஞ்சினுக்குள் எது தேய்கிறது என்று சொல்வது என் வேலை. ஒரே ஒரு குப்பியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நான் அடிக்கடி சொல்வதால் கூடத்தில் எனக்குப் ‘போதாது மேடம்’ என்று பட்டப்பெயர் உண்டு.

வண்டியை ஓட்டியவன் என் உடன்பிறந்த தம்பி. வயது நாற்பத்தொன்று. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். அவனுடைய ஒன்பதாவது வயதில் எங்கள் அம்மா இறந்தார். அன்றிலிருந்து ஒரு சட்டை எடுப்பதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். மாணவனாக இருந்தபோது இதே மாதிரி வண்டியின் படத்தை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தான். கதவைத் திறந்தால்தான் படம் தெரியும். அந்த அலமாரி இப்போது என் வீட்டில் இருக்கிறது.

சென்ற வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்து, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வந்திருக்கிறது என்றும் நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வண்டிக்கு வயது பதினேழு, ஓடிய தூரம் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று ஓராயிரத்து நானூறு கிலோமீட்டர் என்றான் தம்பி. அதன் பிறகு அவன் மனைவி, “இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா நிலாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும், அண்ணி. ரெண்டே சீட்டு. நானும் பொண்ணும் டிக்கியில படுத்துக்கிறோம்” என்று சொன்னாள். தம்பி சிரித்தான். சிரித்து முடித்தும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு மூவரும் என் வண்டியில் உரிமையாளரின் வீட்டுக்குப் போனோம். உரிமையாளர் அறுபத்தாறு வயதானவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், தனியாக வசிப்பவர். வேலை நிமித்தம் ஊர் ஊராக அந்த வண்டியில்தான் போனதாகவும், மீட்டரை ஒரு முறைகூடத் திருப்பவில்லை என்றும் சொன்னார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். “முழங்கால் போச்சும்மா. உக்காரும்போது விழறேன், இறங்கும்போது தவழ்றேன். பக்கத்து வீட்டுப் பசங்க கைதட்டுறானுங்க” என்றார். பிறகு ஒரு தடித்த நோட்டைக் கொடுத்தார். எஞ்சின் ஆயில் நாற்பத்தொரு முறை மாற்றிய தேதியும் தூரமும் சிறு எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் அதில் இருந்தன. இத்தனை ஒழுங்கான கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் குறைந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பொதுவாக எனக்கு அப்படிக் குறைவதில்லை.

அன்று கதவின் அடிப்பகுதியில் நான்கு இடத்தில் துரு கண்டேன். டயர்களின் தயாரிப்புத் தேதியைக் குறித்துக்கொண்டேன். வலது சீட் பெல்ட்டை ஆறு முறை இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு எஞ்சின் ஆயிலைப் பரிசோதிக்காமல் ஒரு முடிவும் சொல்ல முடியாது என்று தம்பியிடம் கூறினேன். “அக்கா சரின்னா சரி. வேண்டாம்னா இதோட விட்டுடறேன், இனிமே பேச்சே எடுக்க மாட்டேன்” என்றான். அந்த இரண்டில் எதையும் நான் அன்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு வேலைக்குப் போகும் வழியில் தனியாக உரிமையாளர் வீட்டுக்குச் சென்றேன். எஞ்சினைச் சூடாக்கச் சொல்லி, பிறகு அணைத்து, ஆயில் அளவுக் கம்பி இருக்கும் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கைப்பம்பால் ஒரு குப்பி எடுத்தேன். எப்போதும் ஒரு குப்பி உபரியாகக் கொண்டுபோவது என் வழக்கம். எடுத்துவிட்டு நிமிரும்போது பக்கத்தில் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். புதிய பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும்; இது பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. அதன் பிறகு மூடியைத் திறந்து, சொட்டுக்குழாயால் சிறிது எடுத்து உபரிக் குப்பியில் விட்டு, குப்பியை இறுக மூடினேன். உரிமையாளர் அப்போது வீட்டுக்குள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். நான் எடுத்ததை அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் கூடத்தில் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில் எஞ்சின் எண், ஓடிய தூரம், எண்ணெய் கடைசியாக மாற்றிய தேதி ஆகியவற்றுக்குக் கட்டம் உண்டு. பிரேக் ஆயிலுக்குக் கட்டம் கிடையாது, ஏனெனில் அதை யாரும் எங்களுக்கு அனுப்புவதில்லை. சீட்டு இல்லாத குப்பியை யாரும் தொடக் கூடாது என்பது நானே எழுதி மேசைமேல் ஒட்டிய விதி. ஆகவே முதல் குப்பிக்குச் சீட்டு ஒட்டிப் பரிசோதனைக்கு வைத்தேன். இரண்டாவது குப்பியை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம் என்று கைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும் தன்மை உடையது. நீர் அதிகமானால் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் எதிர்ப்பில்லாமல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இது எனக்குத் தெரியும். எண்ணெயிலுள்ள நீரை அளக்கும் கருவி என் நாற்காலியிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை எஞ்சின் ஆயிலின் முடிவு வந்தது. பத்து லட்சம் பங்கில் இரும்பு பதினொன்று, செம்பு நான்கு, ஈயம் இரண்டு. மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய எஞ்சினுக்கு இது நம்ப முடியாத நல்ல அளவு. நான் நம்பாமல் வெள்ளிக்கிழமை மறுபடி செய்தேன். அதே அளவு வந்தது. அன்று பிற்பகல் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா? சுகர், கொழுப்பு எல்லாம் எப்படி?”

“எஞ்சின் நல்லா இருக்கு.”

“அப்போ வாங்கலாமா?”

“எஞ்சின் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்.”

“உன் வாயிலேர்ந்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வர்றதே நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. எனக்கு அது போதும்.”

அப்போது நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தம்பியும் உரிமையாளரும் நானும் மலைப்பாதையின் அடிவாரத்திலுள்ள வண்டி நிறுத்துமிடத்தில் கூடினோம். வண்டியில் இரண்டு இருக்கைகளே இருப்பதால் நான் கீழே நின்றுவிட்டேன். இருக்கை தாழ்வாக இருப்பதால் சட்டைப்பையில் உள்ளவை விழுந்துவிடும் என்று தம்பி தன் தொலைபேசியையும் சாவிக்கொத்தையும் என்னிடம் கொடுத்தான். அதன் பிறகு அவர்கள் மேலே உள்ள அணை வரை போய்த் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். உரிமையாளர் கொடுத்த நோட்டு என்னிடம் இருந்தது. அங்கிருந்த சிமெண்ட் பலகையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். சுமார் ஒன்பது ஐம்பதுக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பதினேழு ஆண்டுகளில் பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. கண்ணாடியைக் கூட்டில் வைப்பதற்காகக் கைப்பையில் கை விட்டபோது அந்தக் குப்பி கையில் பட்டது.

அதன் பிறகு நான் தம்பியை அழைத்தேன். மணி என் பையிலேயே அடித்தது. அதன் பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் உரிமையாளரின் எண் இருந்ததால் அதை அழைத்தேன். நான்காவது மணியில் எடுத்தார். “இறங்கிட்டிருக்கோம்மா. தம்பி பிரமாதமா ஓட்டுறாரு” என்றார். “பிரேக்கை மிதிக்க வேண்டாம்னு சொல்லுங்க, கியரைக் குறைச்சு மெதுவா வரச் சொல்லுங்க” என்றேன். அவர் சிரித்து, “தம்பி, அக்காவுக்குப் பயமாம்” என்று சொன்னது கேட்டது. தம்பி என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அழைப்பு முடிந்தது. ஐந்து நிமிடத்துக்குள் மேலே சத்தம் கேட்டது. நான் நடந்து போனேனா ஓடினேனா என்று அதிகாரி கேட்டார், நினைவில்லை. ஒரு செருப்பை நிறுத்துமிடத்தில் காவலர் கண்டெடுத்தார். அது என்னுடையது.

பெடல் தரையைத் தொட்டுவிட்டதாகவும், கியரைக் குறைத்தும் வேகம் அடங்காததால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச் சுவரில் உரசி நிறுத்தியதாகவும் தம்பி அங்கேயே சொன்னான். அவனுக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. உரிமையாளருக்குக் காறையெலும்பு முறிந்தது. தம்பி அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டியதாகவும், பிரேக்கைப் பற்றி நான் முன்பே அறிந்து எச்சரித்ததாகவும் உரிமையாளர் கூறியிருப்பதாக அறிகிறேன். சனிக்கிழமை மாலை வண்டியைச் சோதித்த மெக்கானிக் சுவரில் மோதி உடைந்த குழாயை மாற்றி, மிச்சமிருந்த பழைய ஆயிலைக் கீழே விட்டு, புதியதை ஊற்றி மிதித்துப் பார்த்து, பிரேக் அமைப்பில் கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னது உண்மை. புதிய ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கத்தான் செய்யும். இதன் பேரில் என் தம்பி மீது கவனக்குறைவாக ஓட்டிக் காயம் விளைவித்ததாக வழக்கு பதிவாகியுள்ளது. அது நிரூபணமானால் அவனுக்குத் தண்டனையும் வேலை இழப்பும் நேரலாம் என்று அதிகாரி தெரிவித்தார்.

மறுநாள், அதாவது நேற்று ஞாயிற்றுக்கிழமை, நடந்தது பின்வருமாறு.

காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போனேன். அது தம்பி வேலை செய்யும் மருத்துவமனை. “பத்தொம்பது வருஷமா எல்லாரையும் மூச்சை இழுத்துப் பிடின்னு விரட்டினேன். நேத்து என்னால பிடிக்க முடியல, எனக்கு எக்ஸ்ரே எடுத்த பையன் என்னை விரட்டினான்” என்றான்.  அவனுடைய மனைவி எனக்கு நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டாள். நான் குப்பியைப் பற்றி இருவரிடமும் சொன்னேன். அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். தம்பி, “அதைத் தூக்கிப் போட்டுடுக்கா. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற ஆளு நீ. கையில வெச்சுக்கிட்டே சும்மா இருந்தேன்னு தெரிஞ்சா யாரு உன் கையெழுத்தை நம்புவா?” என்றான். 

அதன் பிறகு பத்தரை மணிக்குக் கூடத்துக்குச் சென்றேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். ஒரு சீட்டை எடுத்து, கட்டங்களை அடித்துவிட்டு, ஓரத்தில் பிரேக் ஆயில் என்றும், எடுத்த நாள் புதன்கிழமை என்றும், எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதி ஒட்டினேன். மூன்று முறை அளந்தேன். நூற்றுக்கு ஐந்து புள்ளி ஒன்பது, ஆறு புள்ளி ஒன்று, ஆறு பங்கு நீர். மூன்றைத் தாண்டினாலே மாற்றிவிட வேண்டும். குப்பி நான்கு நாள் என் பையில் இருந்ததால் அதிலுள்ள நீரில் ஒரு பகுதி பிறகு சேர்ந்ததாக இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டியது என் கடமை. அதை அறிய, புதிய பிரேக் ஆயிலை அதே வகைக் குப்பியில் ஊற்றி அதே பையில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அளந்து தெரிவிப்பேன். மீதமுள்ள பாதிக் குப்பியையும் கருவி அச்சிட்ட தாளையும் இன்று ஒப்படைத்துவிட்டேன்.

அதன் பிறகு பிற்பகலில் மறுபடி மருத்துவமனைக்குப் போய், மாடியில் உரிமையாளர் இருந்த அறைக்குச் சென்று அவருடைய நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பிரேக் ஆயில் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஒரு கையால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசி வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார். சுமார் இருபது நிமிடம் ஆனது. “எழுத மறந்திருப்பேம்மா. மாத்தியிருப்பேன்” என்றார். மாற்றினீர்களா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து என்னிடமே நீட்டி, “நோட்டை நீங்களே கொண்டுபோய்ப் போலீஸ்ல குடுத்துடுங்க” என்றார். நான் கதவருகே வந்ததும் கூப்பிட்டார்.

“எஞ்சின் நல்லா இருந்துச்சுன்னு எழுதுவீங்கல்லம்மா?”

எழுதுவேன் என்றேன். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது.

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தொடக்கத்தில் காலியாக விட்ட இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதப்பட்டிருந்ததை அடிக்கச் சொல்லி, ‘புதன்கிழமை காலை ஏழரை மணி முதல் பார்த்திருந்தேன்’ என்று என் கையாலேயே எழுதினேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(கையொப்பம்)