மடியில் ஒரு டர்போ

காந்திபுரத்தில் போத்தனூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மனைவியின் மடியில் சாக்கில் சுற்றிய, நத்தை போன்ற இரும்பு.

"காரு வேகமாப் போகோணும்னு காரையே கழட்டிப்போட்டு பஸ்ஸுல போறது நாம மட்டுந்தானுங்க," என்றார் மனைவி.

"இஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளற டர்போ கெடைச்சிருச்சல்லோ அம்மணி."

"பேர்த்தகடே இல்லீங்களே. லாரியோடதா இருந்தா?"

"உள்ள இருக்கற காத்தாடிய அளந்து பார்த்துப்போட்டேன். நம்ம இஞ்சினுக்குச் சரியான அளவு."

"அந்தப் பழைய சாமான் கடையில இன்னும் பெருசு இருந்துச்சுங்களே?"

"அதுல பவர் ஜாஸ்திதான். ஆனா சுத்தி வேகம் புடிக்கவே நேரமாகும். இது மிதிச்ச ஒடனே இழுக்கும்."

மனைவி மடியிலிருந்த சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டுனதும் அன்னூருக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போலாங்க."

"மெதுவாவே ஓட்டறேன் கண்ணு. வேகம்னா உனக்குப் பயமாச்சே."

"எதுக்குங்க? நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க நல்லா மிதிங்க."