தையல் மெஷினில் பெயர் வெட்டிய விவரம்

பெயர்: பாண்டித்துரை. தகப்பனார்: மொக்கையன், காலமாகிவிட்டார். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு. விலாசம்: மூன்றாம் நம்பர் லயம், ஆறாவது வீடு, மணிச்சோலை எஸ்டேட், உடும்பஞ்சோலை தாலுகா, இடுக்கி மாவட்டம். பதிவு செய்த நாள்: 30.05.2025, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி செல்வலட்சுமி, மகள் இந்து ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்ததால் வெளியில் ஒன்பது என்று சொல்லிக்கொள்வது வழக்கம், இங்கே எட்டு என்றே எழுதிக்கொள்ளலாம். நாங்கள் திருப்பிக் கொடுத்த புதுத் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு பழைய மெஷினைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டதாக, கூரியர் கம்பெனி தன் டெலிவரி ஆள் ஷிஜு மேல் கொடுத்திருக்கும் புகார் சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல, தமிழ் எழுதத் தெரிந்த காவலர் வேதமுத்து அவர்கள் எழுதிக்கொள்கிறார்.

என் மகள் இந்து இரண்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் மெஷினில் தைத்துவிட்டு, இந்த வருடம் சித்திரை மாதம் ஊருக்கு வந்தாள். எங்கள் எஸ்டேட்டிலும் பக்கத்து எஸ்டேட்டிலும் உள்ள பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் யூனிபாரம் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள். அது நடந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றும், இல்லாவிட்டால் திருப்பூருக்கே போகிறேன் என்றும் சொன்னாள். அவள் கொண்டுவந்த பையை அதுவரை முழுதாகப் பிரிக்கவில்லை. அதன் பிறகு போனில் பார்த்து, மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் போட்டோம்.

12.05.2025 திங்கட்கிழமை மத்தியானம் ஷிஜு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். எங்கள் லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. மேலே பாறைக்கு ஏறினால்தான் கிடைக்கும். அதனால் மற்ற டெலிவரி ஆட்கள் ரோட்டில் நின்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போட்டுத் திரும்பிப் போவார்கள். ஷிஜு அப்படிச் செய்கிறவர் இல்லை. அன்றைக்கு நல்ல மழை. பெட்டியைத் தன் மழைக்கோட்டால் மூடி, தான் நனைந்து, தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்போது கரண்ட் இல்லை. முதல் நாள் ராத்திரி மரம் விழுந்து லைன் அறுந்திருந்தது. மெஷினை ஓட்டிப் பார்க்க வழியில்லாததால் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. முதலில் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, சக்கரத்தில் பூச் சுற்றினேன். அதன் பிறகு பெயர் வெட்டினேன்.

பெயர் வெட்டியது ஏன் என்று விசாரிக்கும் எஸ்.ஐ. ஐயா கேட்பதால் சொல்கிறேன். எங்கள் லயங்களில் கல்யாணம், காதுகுத்து, துட்டி என்று நல்லது கெட்டது எது நடந்தாலும் அண்டா, குண்டான், நாற்காலி எல்லாம் வீடு வீடாகப் போகும். பெயர் இல்லாத பொருள் போனால் திரும்பி வராது. சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுப்பது இருபது வருடமாக என் கைவேலை. தையல் மெஷினை யாரும் இரவல் கேட்கமாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடித்தகட்டில் "பா.இந்து" என்று வெட்டினேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெத்த புள்ளைக்குப் பேர் வைக்க மூணு மாசம் யோசிச்ச மனுசன், மெஷினுக்கு வந்த அன்னைக்கே வச்சுப்புட்டாரு" என்று சொன்னாள். எழுத்து நன்றாக விழுந்திருந்தது. நான் இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தேன்.

14.05.2025 அன்று சாயங்காலம் கரண்ட் வந்தது. இந்து பிளக்கைச் சொருகி மிதித்தாள். ஊசி ஒரு தடவை கீழே இறங்கி நின்றுவிட்டது. கருகிய வாடை வந்தது. அதன் பிறகு அது அசையவில்லை. சுத்தியல் அடியால் மோட்டார் போயிருக்குமா என்று ஐயா கேட்கிறார். மோட்டார் பின்பக்கம் இருக்கிறது, நான் வெட்டியது முன்பக்கம், இது கம்பெனியிலிருந்தே கெட்டுத்தான் வந்திருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். அவளுக்கு மெஷின் தெரியும். எனக்கு என் கையைத் தெரியும், அதனால் அவள் அளவுக்கு உறுதியாக நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் நான் பாறைக்கு ஏறிப் போனில் ரிட்டர்ன் கேட்டேன். பொருள் வந்தபடியே இருக்கிறதா என்று ஒரு கேள்வி வந்தது. ஆம் என்பதை அமுக்கினேன். போட்டோ கேட்டது. பெயர் தெரியாத பக்கமாக நிறுத்தி எடுத்து அனுப்பினேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, பூவை எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுக் குங்குமத்தைத் துடைத்தேன். உப்புத்தாள் வைத்துப் பெயரைத் தேய்த்தேன். முதல் எழுத்தும் இனிஷியலும் மங்கின. மிச்சம் மங்கவில்லை, ஆழமாக வெட்டுவதற்குத்தான் என் வேலைக்கே பெயர். கடைசியில் மெஷினின் பக்கவாட்டில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுடுதண்ணீர் வைத்து உரித்து, அதைக் கொண்டுவந்து பெயரின் மேல் ஒட்டினேன். இதையெல்லாம் என் மகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

19.05.2025 அன்று மெஷினைத் திரும்ப எடுக்க ஷிஜு வந்தார். திறந்து, போனில் உள்ள படத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நான் பெட்டியை நாலு சுற்று டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஷிஜு மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எந்தா அண்ணா, மெஷினுக்குக் கல்யாணம் ஆயோ? சந்தனம் மணக்குது" என்று கேட்டார். நான் சிரித்தேன். "பிரிக்கணுமா தம்பி? வந்தது வந்தபடிதான் இருக்கு, மழை வேற வருது" என்று சொல்லி, கட்டன் சாயா கொடுத்தேன். அவர் சாயாவைக் குடித்துவிட்டு, பிரிக்காமலே சரி என்று போனில் போட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

22.05.2025 அன்று பாறையில் நிற்கும்போது விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் பிள்ளை பேசினாள். பெட்டிக்குள் இருந்தது பழைய மெஷின் என்றும், துருவும் எண்ணெய்க் கறையும் இருக்கிறது என்றும், ஸ்டிக்கர் இடம் மாறி இருக்கிறது என்றும் சொல்லி, "சார், நீங்க புது மெஷினைத்தான் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். "வந்தது வந்தபடியே குடுத்தேன்மா" என்றேன். அப்படியென்றால் தவறு எடுத்து வந்த ஆள் மேல்தான், உங்களுக்கு வேறு மெஷின் வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றாள். எடுத்து வந்த ஆள் என்றால் யார் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி இறங்கி வந்தேன். வீட்டில் வேறு மெஷின் வருகிறது என்பதை மட்டும் சொன்னேன். என் மனைவி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

நேற்று 29.05.2025 சாயங்காலம், நூல் வாங்க ஜங்ஷனுக்குப் போயிருந்த இந்து, ஷிஜு லாரியிலிருந்து உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். கம்பெனி அவருடைய கார்டையும் பையையும் பிடுங்கிக்கொண்டதையும், மெஷினைத் திருடியதாக ஸ்டேஷனில் புகார் கொடுத்திருப்பதையும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஷிஜு இவளைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "புது மெஷின் வந்நோ இந்து?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இந்து வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். நான், விசாரித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும், ஷிஜு நல்ல பையன், ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அதற்கு அவள், "அந்த ஸ்டிக்கருக்கு அடியில இருக்கிறது எம்பேருப்பா" என்று சொன்னாள். அதன் பிறகு நூல்கண்டுகளை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். யூனிபாரத் துணிகளை அளவுச் சீட்டோடு கட்டி, ஜங்ஷனில் தைக்கும் மரியஜோசப்பிடம் கொடுத்துவிடும்படி அம்மாவிடம் சொன்னாள். என் மனைவி என்னைப் பார்த்து, "ஊர்ச் சட்டி பானைக்கெல்லாம் பேரு வெட்டின கையி, நாளைக்குப் போயி ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும்" என்றாள்.

இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. வேறு மெஷின் வந்தால் மகள் போகமாட்டாள் என்பது தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இப்போது சொல்வதால் வேறு மெஷினும் வராது, கம்பெனி என் மேலேயும் புகார் கொடுக்கலாம் என்று ஐயா விளக்கிச் சொன்னார். தெரிந்துதான் வந்தேன்.

அதன் பிறகு கம்பெனி ஒப்படைத்திருக்கும் மெஷின் என் முன்னால் மேஜையில் வைக்கப்பட்டது. இது எங்கள் வீட்டுக்கு 12-ஆம் தேதி வந்த அதே மெஷின். திருகு போடும் குழிகளில் சிவப்பாக இருப்பதைக் கம்பெனிக்காரர்கள் துரு என்று எழுதியிருக்கிறார்கள். அது துரு இல்லை, குங்குமம். விரலால் தொட்டுக் காட்டினேன், ஒட்டியது. அடித்தகட்டில் உள்ள ஸ்டிக்கரை ஐயா உரிக்கச் சொன்னதன் பேரில், நகத்தால் உரித்தேன். "ந்து" என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. அது என் உளி, என் கை. ஷிஜு இந்த மெஷினை மாற்றவும் இல்லை, திறக்கவும் இல்லை. என் வார்த்தையை நம்பியது தவிர அவர் வேறு தவறு செய்யவில்லை.

விசாரணை முடிந்தபின் இந்த மெஷின் யாருக்கும் தேவைப்படாவிட்டால் எனக்கே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓடாது என்பது தெரியும். பெயர் வெட்டிய பொருள் வேறு வீட்டில் இருப்பது முறையில்லை.

இனி எப்போது கூப்பிட்டாலும் வரத் தயாராக இருக்கிறேன். வருகிற 02.06.2025 திங்கட்கிழமை மட்டும் முடியாது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. காலை ஏழு மணிக்குப் போடிமெட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் என் மகளைத் திருப்பூருக்கு ஏற்றிவிட வேண்டும். பை கனமாக இருக்கும், ரோடு வரை நான்தான் தூக்க வேண்டும்.

எழுதியதைக் காவலர் வேதமுத்து அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார். பாயசம் குடித்தது வரை நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது, எதையும் அடிக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
மொ. பாண்டித்துரை