அம்மா அனுப்பிய பத்திரிகை

— உங்க வூட்டுல யாருக்குக் கல்யாணம், வேணி?

— உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— எப்படித் தெரியுமா? நீதானே காலையில எனக்குப் பத்திரிகை அனுப்பியிருக்க. வேலை மும்முரத்துல நான் இன்னும் தெறக்கல.

— நான் யாருக்கும் அனுப்பல சுமதியக்கா. எங்கம்மாதான் நேத்து சாயங்காலம் எனக்கு அனுப்புனாங்க. எத்தனை தடவை தொட்டாலும் தெறக்கல. நீங்க போன் ரிப்பேர் பார்க்குறவங்க, தெறந்து குடுப்பீங்கன்னுதான் கடைக்கு ஓடியாந்தேன்.

— உங்கம்மாவா? நீ வாலிகண்டபுரத்த விட்டு ஓடி வந்ததுலேருந்து பேசவே இல்லையே அவங்க.

— ஆமாக்கா. வேற தெருக்காரரைக் கட்டிக்கிட்டு இந்த தா.பழூருக்கு வந்து நாலு வருஷமாவுது. பாப்பா பொறந்தப்பகூட ஒரு வார்த்தை இல்ல. நேத்து, எனக்கு மனப்பாடமான அந்த நம்பர்லேருந்து பத்திரிகை வந்துச்சு. தங்கச்சி ஆர்த்திக்குத்தான் கல்யாணமா இருக்கும், என்னையும் கூப்பிட்டுட்டாங்கன்னு, போனை சாமி படத்துக்கிட்ட வச்சு வெளக்கேத்துனேன்.

— குடு இப்படி. அடியேய், தோசைக்கல்லு மாதிரி சுடுது.

— நேத்துலேருந்து அப்படித்தான்க்கா. சார்ஜும் நிக்க மாட்டேங்குது.

— பத்திரிகையைத் தொட்டப்ப என்னமோ கேட்டிருக்குமே?

— இன்ஸ்டால் பண்ணவான்னு கேட்டுச்சு. மெசேஜ் படிக்கலாமா, நம்பரெல்லாம் பார்க்கலாமான்னு கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சரின்னு குடுத்தேன்.

— ஏன்டி குடுத்த?

— அம்மா கூப்பிடுறாங்க, மாட்டேன்னா சொல்லுவேன்?

— உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. கேளு, பதறாத. இது பத்திரிகையே இல்ல. வைரஸு.

— அது கம்ப்யூட்டருக்குத்தானேக்கா வரும்?

— இதுவும் கம்ப்யூட்டர்தான், கையளவு. பத்திரிகைன்னா தொட்டதும் படமா வரணும். என்னை ஏத்திக்கன்னு எந்தப் பத்திரிகையாச்சும் கேக்குமா? இந்த மாசத்துலயே இதே நோவோட எங்கிட்ட நெறைய போன் வந்துடுச்சு.

— அப்ப அம்மா அனுப்பலையா?

— அவங்க போன்ல இது பூந்திருக்கு. அதுவா அனுப்பியிருக்கு.

— அனுப்புனது அம்மாவுக்கே தெரியாதா?

— தெரியாது, வேணி.

— ஆர்த்திக்குக் கல்யாணம்?

— அது எனக்கு எப்படித் தெரியும்? இரு, அழுவாத. மொதல்ல நெட்டை நிறுத்துறேன். சிம்மைக் கழட்டுறேன். பேங்க் மெசேஜையெல்லாம் இது படிக்கும், உன் வூட்டுக்காரரை விட்டு பேங்குல சொல்லச் சொல்லு. இதோ பாரு, பேரும் இல்லாம படமும் இல்லாம ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டிருக்குல்ல, இதைப் புடுங்கணும். அப்புறம் போனையே மொத்தமா அழிச்சுப் புதுசாக்கிடணும்.

— அம்மா மெசேஜும் போயிடுமா?

— அது அம்மா மெசேஜ் இல்லைன்னு இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?

— சரிக்கா. அழிச்சுடுங்க. அக்கா, உங்களுக்கு வந்த மாதிரி என் போன்லேருந்து வேற யாருக்கெல்லாம் போயிருக்கும்?

— யார் யார் பேரைப் போட்டு வச்சிருக்கியோ அத்தனை பேருக்கும்.

— எங்கண்ணனுக்குமா?

— வேல்முருகனுக்கா? அவன் நம்பரை எதுக்குடி வச்சிருக்க?

— எப்பவாச்சும் அவன் கூப்பிட்டா தெரியணும்ல. எடுக்காம இருக்கணும்ல. பயந்துதான் பேர் போட்டு வச்சேன். இந்தப் புது நம்பர் அவனுக்குத் தெரியவே தெரியாது.

— போச்சு.

— இந்த நெத்தித் தழும்பு இருக்கே, அவன் போனை விட்டெறிஞ்சதுதான். என் நெத்தியும் ஒடைஞ்சுது, அந்தப் போன் மூலையும் ஒடைஞ்சுது. அவளைத் தேடிப் புடிச்சு முடிச்சுட்டுத்தான் கண்ணாடி மாத்துவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறானாம்.

— இரு இரு. நம்பர் மட்டும் தெரிஞ்சா ஊரைக் கண்டுபிடிச்சுட முடியாது. வாட்ஸ்அப்புல என்ன படம் வச்சிருக்க?

— பாப்பா படம்.

— எங்க எடுத்தது?

— பால்வாடி வாசல்ல.

— பின்னாடி போர்டு தெரியுதா?

— தெரியுதுக்கா. ஊர் பேரோட.

— பாப்பா இப்ப எங்க இருக்கா?

— அங்கதான்க்கா. அய்யோ, பால்வாடியிலதான் இருக்கா.

— நில்லு, எழுந்து ஓடாத. என் போன்லேருந்து முத்தமிழ் டீச்சருக்குப் போடுறேன். ஸ்பீக்கர்லயே பேசு. ரிங் போவுது.

— சொல்லு சுமதி, ரிப்பேருக்குக் குடுத்த என் பழைய போன் சரியாயிடுச்சா?

— டீச்சர், நான் வேணி. பாப்பா இருக்காளா?

— இருக்காம்மா. முட்டையில மஞ்சக்கருவ மட்டும் தின்னுட்டு வெள்ளைய ஒதுக்கிட்டு உக்காந்திருக்கா. உனக்குத்தான் போட்டுப் போட்டுப் பார்க்குறேன், போகவே மாட்டேங்குது.

— ஆளு யாராச்சும் வந்தாங்களா டீச்சர்? உசரமா, வண்டியில?

— ஆம்பளை யாரும் வரல. அந்தம்மாதான் வந்துச்சு.

— எந்தம்மா?

— உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்துச்சு. இன்னைக்கு அது இருந்த இருப்பைப் பார்த்தப்புறம் மறைக்க மனசு வரல. உங்கம்மாதான், வேணி. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு வேண்டுதல்னு வூட்டுல சொல்லிட்டு மாசாமாசம் வரும். வேலிக்கு அந்தாண்ட நின்னு பாப்பாவைப் பார்த்துட்டுப் போயிடும். உன் நம்பரைக்கூட நான்தான் குடுத்தேன். ஒருநாளும் கூப்பிட்டிருக்காது.

— அதான் வேணி. அவங்க உன் பேரைப் போட்டு வச்சிருந்ததாலதான் பத்திரிகை உனக்கு வந்திருக்கு.

— டீச்சர், இன்னைக்கு என்ன சொன்னாங்க அம்மா?

— மொதத் தடவையா உள்ள வந்துச்சு. பாப்பா தலையைத் தடவுச்சு. மடியிலேருந்து ஒரு போனை எடுத்து பாப்பா பைக்குள்ள வச்சுச்சு. யாருதும்மா இதுன்னு கேட்டேன். பையோட வாயை இழுத்து மூடுச்சு. மொகமெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சு.

— அம்மா போனா?

— இல்லம்மா, ஆம்பளைங்க வச்சிருக்க மாதிரி பெருசு. ஆஃப் பண்ணியிருக்கு. மூலையில கண்ணாடி ஒடைஞ்சிருக்கு.

— சுமதியக்கா.

— கேட்டேன், வேணி. உங்கண்ணன் போன்தான், அவன் பார்க்குறதுக்குள்ள உங்கம்மா எடுத்துட்டு வந்துட்டாங்க. உன் நம்பர்லேருந்து போன பத்திரிகையோட பாப்பா மூஞ்சி அதுல வந்திருக்கும். மாசாமாசம் பார்த்த மூஞ்சியாச்சே.

— டீச்சர், அம்மாவைப் புடிச்சு உக்கார வைங்க. வூட்டுக்குத் திரும்ப விட்டுடாதீங்க. போனைக் காணோம்னா அவன் அவங்களைத்தான் கேப்பான். நான் இதோ ஓடி வரேன்.

— போயிடுச்சேம்மா. ரோடு வரைக்கும் பின்னாடியே போய்க் கூப்பிட்டேன். ஊருக்குப் போற பஸ்ஸுல ஏறிடுச்சு.