எந்த இனம் என்று கேட்கக் கூடாது

— அந்தச் சீட்டை இப்படிக் கொடு லூஷியஸ், நான் பாக்கறேன்.

— வேணாம்க்கா. நீ ரோட்டைப் பாரு. காரையும் உன் டவுன் பஸ் மாதிரியே ஓட்டுற.

— இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன்டா. பஸ்ல இருக்கறவரைக்கும் ஒரு போலீஸ்காரனும் இந்த ஒடெஸாவை ஓரங்கட்டச் சொன்னதில்ல. இறங்கி என் கார்ல ஏறினாத்தான் அவனுக்குக் கண்ணு தெரியும். சரி, நேத்து உன்னை எதுக்கு நிறுத்தினானாம்?

— லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடலையாம். போட்டேன். ஆனா என்ன மரியாதைங்கற! ரெண்டு தடவை சார்னு கூப்பிட்டான். அபராதம்கூட இல்ல, வெறும் எச்சரிக்கைச் சீட்டு. பரவாயில்லயே, நம்ம சட்டம் வேலை செய்யுதேன்னு பூரிச்சுப் போயிட்டேன்.

— பிடிச்சவன்கிட்டயே பூரிச்சியா?

— நன்றி வேற சொன்னேன்.

— சட்டசபை உறுப்பினர்னு சொன்னியா?

— அட்டையைக் காட்டணும்னா பாக்கெட்டுல கையை விடணுமே. துப்பாக்கி எடுக்கறேன்னு நெனச்சுச் சுட்டுடுவானோன்னு பயம். ரெண்டு கையையும் ஸ்டீயரிங் மேல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். போலீசைக் கண்காணிக்கற குழுவுக்கு ஒன்பது வருஷமாத் தலைவன். அந்த நேரத்துல நீ பாத்திருக்கணும் என்னை.

— சரி, லைட்டு சிவப்பாச்சு. இப்பக் கொடு.

— விட மாட்டியே. இந்தா.

— பேரு, லூஷியஸ் பிராடக். வண்டி நம்பர் சரி. இதென்ன, இனம்னு ஒரு கட்டம்?

— ம்.

— வெள்ளையர்னு டிக் அடிச்சிருக்கான்டா.

— எதிர்வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்.

— நம்ம குடும்பத்துலயே அட்டக் கருப்பு நீதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதுதான். உன்னை ஒரு வார்த்தை கேட்டு எழுதினா அவன் வாய் என்ன வெந்தா போயிடும்?

— கேக்கக் கூடாதுக்கா. அது சட்டம்.

— எந்தப் புத்திசாலி போட்டான் அந்தச் சட்டத்தை?

— உன் தம்பிதான். நடுரோட்டுல ஒரு மனுஷனை நிக்க வெச்சு நீ எந்த இனம்னு கேக்கறது அவமானம், போலீஸ்காரனே கண்ணால பாத்து எழுதிக்கட்டும்னு ஒரு வரி சேர்த்தேன். சபையே எழுந்து நின்னு கை தட்டுச்சு. கவர்னர் கையெழுத்துப் போட்ட பேனாவை என் கையில கொடுத்தார், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். எழுதினது சரியான்னு பாக்க ஒரு ஆளைப் போடணும்னு மட்டும் எனக்குத் தோணல.

— அப்போ வருஷாவருஷம் சபையில அறிக்கை படிப்பியே, கருப்பரை நிறுத்தறது குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு?

— குறைஞ்சுதான் வருது, காகிதத்துல. கணக்குப்படி பாத்தா இந்த மாநிலத்துல இப்ப வெள்ளைக்காரங்க பாடுதான் ரொம்பத் திண்டாட்டம்.

— எனக்குச் சிரிப்பு வரல லூஷியஸ். அங்க சட்டசபையில என் புள்ள ட்ரெமெய்ன் காலையிலேருந்து உக்காந்திருக்கான், உன் குழு முன்னால மூணு நிமிஷம் பேசறதுக்கு. ஒரே வருஷத்துல பதினோரு தடவை நிறுத்தினாங்க அவனை. லேட்டாப் போய்ப் போய் லிஃப்ட் கம்பெனி வேலையும் போச்சு. போன வருஷம் நன்றித் திருநாள் வான்கோழி விருந்தன்னிக்கு உன் வீட்டுக்கு வந்து சொன்னானே, நீ என்ன சொன்ன?

— புள்ளிவிவரம் அப்படிச் சொல்லலையேப்பான்னேன்.

— அதோட நிறுத்தினியா? கொஞ்சம் மெதுவா ஓட்டுன்னும் சொன்ன. அன்னிக்கு அவன் சாப்பிடாமலே எழுந்து போனான்.

— தெரியும்.

— இன்னிக்கு உன் குழு என்ன கிழிக்கப் போகுது?

— பாகுபாடு ஒழிஞ்சது, இனிமே கண்காணிப்பு வேணாம், சீட்டும் வேணாம்னு தீர்மானம். கொண்டுவரப் போறதே நான்தான். முடிஞ்சதும் எனக்குக் கேடயம் தராங்க.

— கல்யாண வீடுன்னா மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீடுன்னா பொணமா இருக்கணும் உனக்கு. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்.

— இன்னிக்கு எந்த வீடுன்னுதான் புரியலக்கா.

— இங்க பாரு. நீ என்ன வேணும்னேவா பண்ணின? உனக்கே நேத்துதானே தெரிஞ்சது. நேராப் போய் மைக்குக்கு முன்னால இந்தச் சீட்டைப் படி. தீர்மானத்தைக் கிழிச்சுப் போடு. மாமா ஏமாந்துட்டேன்டான்னு என் புள்ளயைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லு. அவனுக்கு அது போதும்.

— ஏமாந்துட்டேன்னு மட்டும் சொல்ல முடியாதுக்கா.

— ஏன், கவுரவம் தடுக்குதா?

— மிச்சமிருந்த கவுரவத்தை நேத்து ரோட்டோரத்துலயே விட்டுட்டேன். காரை நிறுத்து, வாசல் வந்தாச்சு.

— நிறுத்தியாச்சு. சொல்லிட்டு இறங்கு.

— இது முதல் சீட்டு இல்ல. கோட்டுப் பையில இன்னும் நாலு இருக்கு, எல்லாத்துலயும் வெள்ளையர்னுதான் டிக், அஞ்சையும் படிக்கத்தான் போறேன். ஆனா ட்ரெமெய்ன் வீட்டுக்கு வந்த அன்னிக்கே, அதுல மூணு என் மேசை டிராயர்ல இருந்துச்சுக்கா.