படித்துறையில் ஒருவரும் சொல்லாத விடை

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் பயிற்சி நிலைய நிறுவனர் ரஞ்சய் ஐயா அவர்களே! ஆங்கில இலக்கணத்தை எங்கள் தலைக்குள் தட்டித் தட்டியே ஏற்றிய அவதேஷ் அண்ணன் அவர்களே! சுபௌலிலிருந்தும் சஹர்சாவிலிருந்தும் மதுபனியிலிருந்தும் கூட்ட ரயிலில் நின்றபடியே பாட்னா வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! அடுத்த அரசு வேலைத் தேர்வுக்கு இன்றே படிக்க வேண்டுமே என்ற கவலையோடு இங்கே உட்கார்ந்திருக்கும் என் தோழர்களே, தோழியரே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் விபா குமாரி. கட்டிஹார் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்களின் மகள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என் கால். மேடை மிதிப்பது இதுதான் முதல் தடவை. மைக் பிடிப்பதும் இதுதான் முதல் தடவை.

என்ன? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன், பேசுகிறேன். இதுவே எனக்குச் சத்தம்தான்.

ஆங்கிலத் தாளில் முழு மதிப்பெண் வாங்கியவள் என்று சொல்லி எனக்கு இந்தச் சாமந்தி மாலையைப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே பேசு, பெற்றோர் கேட்டு மகிழட்டும் என்று ரஞ்சய் ஐயா சொல்லியிருந்தார். மன்னியுங்கள் ஐயா. இன்று நான் சொல்ல வந்தது முன்வரிசையில் இருக்கும் ஒருவருக்குப் புரிய வேண்டும். அதனால் நம் பேச்சிலேயே பேசுகிறேன்.

சொல்வளமா? நமக்கு இருக்கிறது! இலக்கணமா? நுனிவிரலில் இருக்கிறது! பத்தியைப் படித்து விடை சொல்வதா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம்! பிறகு எது இல்லை நமக்கு? எதற்காக நான் இந்த மாலையோடு தலைகுனிந்து நிற்கிறேன்?

கேளுங்கள்.

ஞாயிறு விடியலில் கங்கைப் படித்துறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிக்க வந்தவர்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது. மேல்படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் நாம்தான். மடியில் வினாத்தாள், காதில் பேனா, பையில் சத்துமாவு. அவதேஷ் அண்ணனோ ரஞ்சய் ஐயாவோ ஒலிபெருக்கியில் கேள்வியை வாசிப்பார், நாம் விடையைக் கத்துவோம். அக்கரைக்கே கேட்கும்.

அதில் நமக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆங்கில வாக்கியத்தை நான்கு துண்டாக வெட்டித் தருவார்கள். எந்தத் துண்டில் பிழை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாக்கியம் என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது, அழுதுகொண்டு சொல்கிறதா சிரித்துக்கொண்டு சொல்கிறதா, அதெல்லாம் நமக்கு வேண்டாம். பிழை எங்கே? பிடி! பிழை எங்கே? பிடி! இப்படியே பழகினோம். பழகிப் பழகி, கொக்கு மீனைப் பார்ப்பதுபோல் நாம் வாக்கியத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

நம் நடுவே ஒருத்திக்கு மட்டும் இது வரவில்லை. தேத்ரி. என் அறைத் தோழி. சுபௌல் பக்கம் குளங்களில் மூழ்கி, பொரித்துத் தின்னும் மக்கானா விதை எடுக்கும் ஜோகேந்தர் மண்டல் ஐயாவின் மகள். பத்தியைக் கொடுத்தால் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் வாசிப்பாள். அவதேஷ் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏம்மா, கேள்வியை முதல்ல பாரு, அதே வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு தேடு, குறி, நகரு. பத்தியை யார் படிக்கச் சொன்னது?"

"படிச்சிட்டேன் அண்ணே. ஆனா அந்த விதவைக்கு நிலம் திரும்பக் கிடைச்சுதா இல்லையா? அதைச் சொல்லாமலே முடிச்சிட்டாங்களே."

"கிடைச்சா உனக்கு அதுல பாதி எழுதித் தரப்போறாளா? அடுத்த கேள்விக்குப் போ தாயே!"

சிரிக்கிறீர்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தோம். கதைக்காரி என்று பெயர் வைத்தோம். கதைக்காரி வந்துட்டா, பாய் விரிங்கப்பா என்போம். அவள் கோபப்பட மாட்டாள். புதுச் சொல் ஒன்று கற்றால் அதை யாரிடமாவது பேசிப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். டீக்கடை ராம்சகல் மாமாவிடம் ஆங்கிலத்தில் டீ கேட்பாள். அவர் கும்பிடுவார். "காலங்காத்தால திட்டாத தாயி, டீ தர்றேன், காசுகூட அப்புறம் குடு."

அவளுக்கு இந்த ஆண்டுதான் கடைசி. இந்தத் தேர்வோடு ஊர் திரும்பிவிட வேண்டும், திருமணம். அப்பாவுக்கு அவள் கொடுத்த வாக்கு அது. நன்றாகத்தான் தயாராகியிருந்தாள். அந்த ஞாயிறும் வந்தது. மதியம் தேர்வு. நம்மில் பலருக்கும் அன்றே தேர்வு. காலையில் கடைசியாக ஒரு சுற்று பயிற்சி என்று படித்துறையில் கூடினோம். பிழை பிடிக்கும் விளையாட்டு உச்சத்தில் இருந்தது.

அப்போது கீழ்ப்படியிலிருந்து ஓர் அம்மையார் ஏறி வந்தார். தெற்கே எங்கிருந்தோ வந்தவர். முழங்கால் வரைக்கும் நனைந்த சேலை. கையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, தேய்ந்த தோல் செருப்பு. முதலில் தம் மொழியில் ஏதோ சொன்னார். நமக்குப் புரியவில்லை. பிறகு அந்தச் செருப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். என் அப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நினைவு தடுமாறுகிற கிழவர், செருப்பு மட்டும் தண்ணீர் ஓரம் கிடக்கிறது, ஆள் இல்லை என்றார்.

புரிந்ததா நமக்கு? புரிந்தது! ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நம்மில் ஒருவருக்காவது புரியாமல் இருந்திருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வெட்கமில்லை.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மூன்றாம் படியில் இருந்தேன், அவர் முகம் எனக்கு நேராக இருந்தது. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. நான் பேசுவதில் பிழை இருந்தால்? இத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்களே? அந்தப் பயத்தைத்தானே நாம் ஞாயிறுதோறும் ஒருவருக்கொருவர் ஊட்டி வளர்த்திருந்தோம்?

அந்த அமைதியில் மேல்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ரெண்டாவது துண்டு! ரெண்டாவது துண்டுல பிழை!"

சிரிப்பு படிப்படியாக இறங்கிவந்தது. மேல்படி சிரித்தது, நடுப்படி சிரித்தது, என் படியும் சிரித்தது. அந்த அம்மையார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரிப்பில் தம் அப்பாவைப் பற்றி ஏதேனும் செய்தி இருக்குமோ என்று தேடினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, சொல் சொல்லாக நிறுத்தி, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். பிழையில்லாமல் கேட்டார்.

அப்போதும் நாம் பதில் சொல்லவில்லை.

ரஞ்சய் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இதற்கு மேல் நீளாது.

தேத்ரி எழுந்தாள். வினாத்தாள் மடியிலிருந்து விழுந்து படியில் சறுக்கிப் போனது. அவள் பேசிய ஆங்கிலத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "உங்க அப்பா... சட்டை... என்ன நிறம்? நான் வருது. நீங்க அழாது." துண்டுக்குத் துண்டு பிழை! ஆனால் அந்த அம்மையார் அவள் கையைப் பற்றிக்கொண்டார். இரண்டு பேரும் கரையோரமாக ஓடினார்கள்.

நாம் அடுத்த கேள்விக்குப் போனோம்.

கரையில் யாருக்கும் அந்த அம்மையார் மொழி தெரியாது, அவருக்கு நம் மொழி தெரியாது. படகுக்காரர்களிடமும் காவலர்களிடமும் அவருக்காகப் பேச தேத்ரி ஒருத்திதான். படித்துறை படித்துறையாக அலைந்து, உச்சி வெயில் ஏறிய பிறகு கண்டுபிடித்தார்கள். தூரத்துத் துறையில், கட்டிப் போட்டிருந்த படகொன்றில், வெறுங்காலோடு அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். படகு எப்போது கிளம்பும், ஊருக்குப் போக வேண்டும் என்று காத்திருந்தாராம். மகள் குனிந்து செருப்பை அவர் காலில் மாட்டிவிட்டாராம். அதைப் பார்த்துவிட்டுத்தான் தேத்ரிக்குத் தேர்வு நினைவுக்கு வந்தது.

அனுமதிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். தேர்வு மையக் கதவு சாத்தியிருந்தது. "நேரம்னா நேரம், போம்மா," என்றார் காவலாளி. உள்ளே நாங்கள் பத்திக்கு விடை குறித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தேர்வில்தான் எனக்கு முழு மதிப்பெண். அந்தத் தேர்வுக்குத்தான் இந்த மாலை.

ஜோகேந்தர் ஐயா, முன்வரிசையில் மகள் பக்கத்தில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறீர்களே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மகள் அறையில் படுத்துத் தூங்கிவிட்டாள், பொறுப்பில்லாமல் தேர்வைத் தவறவிட்டாள் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்? இன்று மாலை ரயிலில் அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள். அவள் ஏன் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை? நான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எப்படிடி சொல்றது? அதைச் சொன்னா நீங்க எல்லாரும் சிரிச்சதையும் சேர்த்துச் சொல்லணுமே. எங்க அப்பா உங்களையெல்லாம் பெரிய படிப்பாளிங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

நம் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் படிப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறாள், தோழர்களே! வாங்கிக்கொள்ளப் போகிறோமா? வாய் மூடி அன்று நின்றோமே, இன்றும் நிற்கப் போகிறோமா? அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு கொடுங்கள் ஐயா! இந்த நகரத்தில் ஆங்கிலம் படித்த எத்தனையோ பேரில் ஆங்கிலத்தைக் கேட்டவள் உங்கள் மகள் ஒருத்திதான்!

ஐயா எழுந்து ஏதோ கேட்கிறார். பின்னால் கேட்டிருக்காது, திருப்பிச் சொல்கிறேன். "நீ அவ சிநேகிதி, அவளுக்காகப் பேசத்தான் செய்வே. வேற யாரும்மா பார்த்தா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. தோழர்களே, தோழியரே, இதற்கு நான்கு விடைகள் கிடையாது. அன்று படித்துறையில் இருந்தவர்கள், சிரித்தவர்கள், கை தூக்குங்கள். இதோ என் கை.

...

ஒருவருமில்லையா? அந்த அம்மையார் இரண்டு முறை கேட்டார். நானும் இரண்டாம் முறை கேட்கிறேன்.

மேடையில் என் பக்கத்திலேயே, மாலை போட்ட ஒருவரின் கை உயர்கிறது. பிபுல். அவர் பெயரை நான் சொல்வதாக இருக்கவில்லை, அவரே எழுந்து நிற்கிறார். மைக் வேண்டுமா? வேண்டாமா? சரி, அதையும் நானே சொல்கிறேன். "ரெண்டாவது துண்டுன்னு கத்தினவன் நான்தான் ஐயா," என்கிறார்.

அதோ, நடுவரிசையில் ஒரு கை. தூணருகே இன்னொன்று. பெண்கள் பக்கம்... அவதேஷ் அண்ணா, நீங்களுமா? ஐயா, திரும்பிப் பாருங்கள். உங்கள் மகளைப் பாருங்கள், தலை நிமிரவே மாட்டேன் என்கிறாள். அவளுக்குப் பின்னால் இருக்கும் கைகளைப் பாருங்கள். தலைகுனிய வேண்டியவர்கள் நாங்கள்.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். ஐயா மறுபடி கேட்கிறார். மெதுவாகத்தான் கேட்கிறார். "அந்தப் பெரியவருக்குக் கால் ஒண்ணும் சுட்டுடலையே?" என்று தேத்ரியிடம் கேட்கிறார்.

அவள் இல்லை என்று தலையாட்டுகிறாள்.

இப்போது என்னைப் பார்த்துச் சொல்கிறார். "ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்மா. ஒண்ணை மட்டும் திருப்பிக் கொடுத்தா ஸ்டேஷன்ல வாங்கிப்பாங்களா?"

வாங்கிக்கொள்வார்கள் ஐயா. வாங்கிக்கொள்வார்கள்!

வேண்டாம், தோழர்களே. கைதட்ட வேண்டாம். தட்டுவதற்கு அந்தக் கைகளைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். அவர் நன்றாகப் பார்த்து முடிக்கட்டும். கடிகாரத்தைக் காட்டிய கையை இப்போது மேலே தூக்கியிருக்கும் ரஞ்சய் ஐயாவுக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், மகளை விட்டுப்போகும் ஜோகேந்தர் ஐயாவுக்கும் நன்றி சொல்லி, இந்த மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்குகிறேன். வணக்கம்.