பத்தரைக்கு விழிக்கும் பாக்ஸ்

மாலை ஆறே முக்கால். எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு வரும் ரோடு. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஆள் இல்லை, வண்டி இல்லை. நடு ரோட்டில் ஒரு மொபெட் மட்டும் நிற்கிறது... அதன் மேல் ஒருவன், ஒரு காலைத் தரையில் ஊன்றி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த டார்ச்சை அணையுங்கள், பூச்சி வருகிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது, விடிந்துதான் நடக்கப் போகிறோம். கால் வலியில் யாருக்கும் தூக்கம் வரப்போவதில்லை. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். வண்டியில் இருந்தவன் ஜெயச்சந்திரன். நம்மோடு நடந்து வரும் பாண்டிமுருகனுக்கு மைத்துனன். கேபிள் டிவி வேலை. வீடு வீடாகப் போய் செட்டாப் பாக்ஸ் மாட்டுவான்.

அன்றைக்குக் கடைசியாக மாட்டிய வீடு பெத்தணன் வீடு. பெத்தணன் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறவர். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவர் போனே வைத்துக்கொள்ளவில்லை. அவரை எழுப்புவது டிவிதான். பழைய பாக்ஸில் டைமர் வைத்திருந்தார். ராத்திரி டிவியை அணைக்காமல் பாக்ஸை மட்டும் அணைத்துவிட்டுப் படுப்பார். காலை ஐந்து மணிக்கு பாக்ஸ் தானாக விழிக்கும், மாரியம்மன் பாட்டு அலறும், ஐந்தரை வேனைப் பிடிப்பார். ஆறு வருடம் அப்படி ஓடியது. அந்த பாக்ஸ் புகைந்துபோனதால்தான் புதிது.

ஜெயச்சந்திரன் புதிய பாக்ஸை மாட்டி, டைமரில் ஐந்து என்று வைத்துக் கொடுத்தான். "இனி நிம்மதியா தூங்குங்கண்ணே, இது எழுப்பிரும்" என்றும் சொன்னான்.

ஆனால் அந்த லோடில் வந்த பாக்ஸ்களுக்கு ஒரு கோளாறு உண்டு. உள்ளே ஓடும் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மெனுவுக்குள் போய் மாற்றி, ஒருமுறை அணைத்துப் போட்டு, சிக்னலில் இருந்து சரியான நேரம் வந்து விழுகிறதா என்று பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அவனுக்குத் தெரியும். நூறு வீட்டில் செய்திருக்கிறான். பெத்தணன் வீட்டில் செய்யவில்லை. அதுதான் நடு ரோட்டில் ஞாபகம் வந்தது... அதனால்தான் ஒரு காலை ஊன்றி நின்றான்.

திரும்பியிருக்கலாம். இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் சிவகாசியில் கூட்டாளிகள் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை முறுக்கினான். அன்றைக்குச் சால்னா ரொம்ப நன்றாக இருந்தது என்று அவனே ஒருநாள் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை ஐந்து மணி. பாக்ஸ் கணக்கில் இன்னும் நடுராத்திரிகூட ஆகவில்லை. பாட்டு வரவில்லை. பெத்தணனின் மனைவி பொன்மணி, ராத்திரி வெகுநேரம் மத்தாப்புப் பெட்டி ஒட்டிய அசதியில் கிடந்தாள். வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. பெத்தணன் கண் விழித்தபோது முகத்தில் வெயில். யார் பைக்கிலோ தொற்றிக்கொண்டு ஓடினார். சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய கலவையை, வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்தார். அதுவும் சீசன், ஆர்டர் நெருக்கடி, அவசரம்.

பத்தரை மணிக்கு அந்தக் கலவை அறை வெடித்துப்போயிற்று.

அதே பத்தரைக்கு... ஆளில்லாத வீட்டில் பாக்ஸ் விழித்தது. அதற்கு அப்போதுதான் மணி ஐந்து. சத்தம் கேட்டுத் தெருவே கம்பெனியைப் பார்த்து ஓடுகிறது, பூட்டிய வீட்டுக்குள் மாரியம்மன் பாட்டு அலறிக்கொண்டிருக்கிறது.

காரியம் எல்லாம் முடிந்து பொன்மணி ஆள் அனுப்பினாள். பாக்ஸ் தினமும் பத்தரைக்குத் தானாகப் போட்டுக்கொள்கிறதாம். ஜெயச்சந்திரன் போனான். மாலை போட்ட படத்தைப் பார்க்காமல் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்தான். பொன்மணி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு ராத்திரி ரிமோட்ட நாந்தான் தொடைச்சு வச்சேன். அதுல எதுவும் அமுங்கியிருக்குமோ? என்னாலதான் அவுக தூங்கிட்டாகளோ?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? அவனுக்கு வாய் வரவில்லை. ரிமோட்டையே பார்த்துக்கொண்டு, "இருக்கும்க்கா... அமுங்கியிருக்கும்" என்றான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாவி அந்தக் காப்பியையும் குடித்தான். கடிகாரத்தைத் திருத்தினான். டைமரை அழித்தான். பட்டியல் சுத்தமாகக் காலி. இந்தத் தடவை பத்து நிமிடம் அல்ல, அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் போனில் இருந்து பொன்மணி பேசினாள். "தம்பி, இன்னைக்கும் பத்தரைக்குப் போட்டுருச்சு."

அடுத்த நாள் வேறு பாக்ஸ் கொண்டுபோனான். மாட்டினான். டைமர் பக்கமே போகவில்லை. மனசு கேட்காமல் அங்கேயே உட்கார்ந்தான். நல்ல வெயில். தெருவில் ஐஸ் விற்கிறவன் போகிறான். பேய்க்குப் பயப்படுகிற நேரமா அது? இருந்தும், பத்து இருபதுக்கு எழுந்து பிளக்கைப் பிடுங்கினான். கேபிளையும் கழற்றினான். பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பத்தரை.

டிக்...

பாக்ஸில் பச்சை விளக்கு. பிளக் அவன் கையில் இருக்கிறது. பாட்டு அலறுகிறது. கூடவே ஒரு வாசனை. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே, அது இல்லை. இது வெடிக்காத மருந்து. ஈர வெடியுப்பு, அலுமினியப் பொடி, அதன் மேல் ஆள் வேர்வை. வேலை முடிந்து வரும் வேனில் ஏறினால் அடிக்கும் அதே வாசனை.

உள் அறையில் கயிற்றுக் கட்டில் முறுக்கிக்கொண்டு முனகியது. யாரோ பதறி எழுந்து உட்காரும் சத்தம்.

பொன்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "எந்திரிச்சுட்டாக" என்றாள். "இப்பம் தினமும் இந்நேரத்துக்குத்தான் எந்திரிக்காக."

ஜெயச்சந்திரன் அப்படியே தரையில் விழுந்தான். அழுகையாக வந்தது. "அக்கா, ரிமோட்டு இல்லக்கா... நீங்க ஒண்ணும் பண்ணல. நாந்தான். டைம மாத்தாம போயிட்டேன். எனக்குத் தெரியும்க்கா, தெரிஞ்சேதான் போனேன்."

முறம் நின்றது.

"தெரியும் தம்பி. முந்தாநாள் நீங்க போனப்பறம் அவுகளே சொன்னாக. நேத்து உங்கள வரச் சொன்னதும் அவுகதான்."

அவன் நிமிரவில்லை.

"உங்க மேல கோவமில்லயாம். சின்ன வயசு, மறந்திருப்பான்னுதான் சொல்லுதாக. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணுமாம். அன்னைக்குப் பத்து நிமிசம் நிக்கவிடாம... அப்படி என்ன சோலின்னு."

பத்து நிமிடக் கணக்கை அவன் அதுவரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. என்ன பதில் சொல்வான்? பரோட்டா ஆறிப்போகும் என்றா?

"என்கிட்டச் சொல்லாதீக தம்பி" என்று பொன்மணி எழுந்து, உள் அறைச் சேலைத் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தாள். "உள்ளதான் இருக்காக."

பாட்டு நின்றுவிட்டது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, தூக்கம் கலைந்த ஆள் ஒருவர் தொண்டையைச் செருமினார்... பிறகு, பதில் கேட்பதற்காக, கட்டிலில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டார்.