சகாயசெல்வியின் குரலுக்காகக் கதவைத் தள்ளிய நேசபாய் அம்மையாருக்கு

கனிவில் கரைந்தாலும் கண்டிப்பில் கரையாதவரே! கணினித் துறையின் தனிப்பெருந் தலைவியே! இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களைத் திட்டி, திட்டிய கையோடு தேநீரும் வாங்கித் தந்து, இன்று பணிநிறைவு பெறும் நேசபாய் அம்மையே! வணக்கம்.

தங்கள் பட்டங்களை அடுக்கத் தொடங்கினால் பாதியிலேயே கையமர்த்திவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு நாளை மட்டும் அவையோரிடம் சொல்கிறோம், பொறுத்தருள்க!

அவையோரே! கருங்கல் ஊர்ச் சந்தையைக் கடந்து நம் கல்லூரிக்கு வந்த கடலோரப் பிள்ளைகள் அந்நாளில் மதிப்பெண்ணில் முந்துவார்கள்; மென்பொருள் நிறுவனங்களின் பட்டியலில் மட்டும் காணாமற்போவார்கள். ஆண்டுதோறும் ஒரே குறிப்பு: 'இரைந்து பேசுகிறார், குழுவோடு ஒத்துப்போகார்.' அலையோசைக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. அம்மையாருக்கும் தோன்றவில்லை. இனயம் என்ற கடற்கரை ஊர் மாணவி சகாயசெல்வியை, "மெல்லப் பேசு மக்கா, மெல்ல" என்று மூன்றாண்டுகள் நல்லெண்ணத்தோடுதான் அடக்கிவைத்தார்.

2011-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தார் நேர்காணலுக்கு வந்தார்கள். உள்ளே போன சகாயசெல்வி, கேட்ட கேள்விக்கெல்லாம் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்தாள். 'ஊக்கமில்லை' என்று எழுதிவிட்டார்கள்!

"சத்தமாப் பேசுனா சண்டக்காரின்னு சொல்லுவாவ. பேசாம இருந்தா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுவாவ. நான் இனி எப்படித்தான் பேசணும் டீச்சர்?" என்று வராந்தாவில் நின்று கேட்டாள்.

நேசபாய் துறை அறைக்குப் போய்ப் பழைய நேர்காணல் கோப்பை எடுத்துக்கொண்டார். ஐயோ, இந்தப் பிள்ளையின் வாயைக் கட்டியது நானல்லவா! நேர்காணல் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பழைய குறிப்புகளையெல்லாம் மேசைமேல் வைத்தார். தவறு தன்னுடையது, அவளை இன்னொரு முறை கூப்பிடுங்கள் என்று மன்றாடினார். நேரமாகிவிட்டது என்றார்கள். நகர மறுத்தார்.

குழுவில் மார்கஸ் என்றொரு கறுப்பினப் பொறியாளர், அமெரிக்காவிலிருந்து வந்தவர், அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "என் முதல் நேர்காணலிலும் இதையேதான் எழுதினார்கள். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் இருநூறு பேரில் கறுப்பர் நான் ஒருவன்தான். அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்" என்றார்.

வெளியே ஓடிய நேசபாய் அவள் கையைப் பிடித்தார். "ஏட்டி, ஒனக்க வீட்டுல பேசுயது போலப் பேசு. நான் சொன்னதெல்லாம் மறந்துரு."

பேசினாள் பாருங்கள்! மூன்று அறை தாண்டியிருந்த வகுப்பில் பாடம் நின்றுபோயிற்று. வேலையும் கிடைத்தது.

அம்மையே! இன்று நம் கடலோரப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் அத்துறையில் இருக்கிறார்கள். போதாது என்பீர்கள், போதாதுதான். அந்தக் கவலையை இனி எங்களிடம் விட்டுவிட்டு, மூட்டுவலி அண்டாமல், பாக்கி வைத்த உறக்கமெல்லாம் உறங்கி, பேரன்புடையோர் சூழ நெடுங்காலம் வாழ்க!

பொன்னாடை வேண்டாம் என்றீர்கள். ஒன்றே ஒன்று கேட்டீர்கள். அதன்படியே, பெங்களூரிலிருந்து விடுப்பெடுத்து வந்து இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் சகாயசெல்வி. அவர் முன்னே மைக் இல்லை. கடைசி வரிசைவரை கேட்கிறது அம்மையே!

என்றும் தங்கள் அன்பு மறவாத
கணினித் துறைப் பணியாளர்கள்
31.5.2016